கேஸ் மாத்திரை

வெல்டருக்கு எச்.ஐ.வி. என்பது அவனுக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும் என்பது அவன் நினைப்பு. கிருமியை அடக்கும் மாத்திரையை கேஸ் மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருந்தான். சாப்பிட்டுவிட்டுப் போடாவிட்டால் அது உடம்பில் ஒட்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் குடியிருந்த அண்ணன் வீட்டில் தன் டம்ளரை மட்டும் தனியாக வைத்துக்கொண்டான். பெரிய சுத்தக்காரன் என்று கேலி செய்தார்கள். செய்யட்டும் என்று விட்டுவிட்டான்.

அன்று சாயங்காலம் அண்ணனோடு ஒன்றுமில்லாத விஷயத்துக்கு வாய்ச்சண்டை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவன், அறைக்குள் போய் டப்பாவைத் திறந்தான். பின்னாலேயே அண்ணி தட்டோடு வந்து நின்றாள்.

"கோபத்தை உங்க அண்ணன்மேல காட்டு, சாப்பாட்டுமேல காட்டாதே. சாப்பிட்டுட்டு மாத்திரையைப் போடு."

"கேஸ் மாத்திரைதானே அண்ணி, வெறும் வயித்துலயே போடலாம்."

"கேஸ் மாத்திரையை வெறும் வயித்துலதான் போடணும். நீ எப்பவும் சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்துதானே போடறே? பொய் சொல்லவும் ஒரு விவரம் வேணாமா? கீழே கிடந்த ஒண்ணை மருந்துக்கடையில காட்டி, என்ன மாத்திரைன்னு போன வருஷமே கேட்டுட்டேன்."

அண்ணி அவனுடைய டம்ளரை எடுத்துத் தண்ணீர் ஊற்றினாள். வாய் வைத்துப் பாதியைக் குடித்துவிட்டு, மீதியை அவனிடம் நீட்டினாள்.

"பிடி. முதல்ல சாப்பிடு."