டிராப் பண்ணிடறோம்

மயிலாப்பூர் சபாவில் பக்கவாத்தியம் வாசிக்கப் பட்டுப்புடவையும் வயலின் பெட்டியுமாக வந்து இறங்கிய நீரஜாவுக்கு, தன் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்து வயலினுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. சபா காரியதரிசி சுப்பராமனை மேடைக்குப் பின்னால் மடக்கினாள்.

"என்ன மாமா இது? இன்னிக்கு நான்தானே வாசிக்கணும்?"

"நேத்தே போன்ல சொன்னேனேம்மா, நாளைக்கு உன்னை டிராப் பண்ணிடறோம்னு. நீயும் 'ரொம்ப சந்தோஷம் மாமா'ன்னியே!"

கச்சேரி முடிந்ததும் வேளச்சேரி வரைக்கும் காரில் கொண்டுவிடப் போகிறார்கள் என்றல்லவா அவள் பூரித்துப் போயிருந்தாள்! நீக்கிவிட்டோம் என்பதைத்தான் அந்த மனுஷர் இங்கிலீஷில் பொதிந்து கொடுத்திருக்கிறார்.

"நீ வேண்டாம்னு நேரா சொல்ல வாய் வரலையா உங்களுக்கு?"

அவள் போட்ட சத்தத்தில், மேடையில் இருந்தவளின் வில் அப்படியே நின்றுவிட்டது. சுப்பராமன் நெளிந்தார்.

"கத்தாதேம்மா, எல்லாரும் பாக்கறா. இப்பவே டிரைவர்கிட்ட சொல்லி உன்னை ஆத்துல டிராப் பண்ணச் சொல்றேன்."

"ஒரே ஆளை எத்தனை தடவை மாமா டிராப் பண்ணுவேள்?" என்றாள் நீரஜா.