இடது பக்கத்து நாற்காலி

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நாற்பத்தோராம் அத்தியாயம் வெளியாகும் என்று கூட்டாளி செந்தூர்வேல் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பூசை முடிந்து வந்த சிலுவை சட்டையைக்கூட மாற்றாமல் வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இயர்போனின் ஒரு முனையை வலது காதில் செருகினான். மறுமுனை சட்டை மேல் தொங்கியது. அதற்கு வேலையில்லாமல் போய் ஒன்பது மாதம் ஆகிறது.

செந்தூர்வேல் பகலில் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கன்டெய்னர் காகிதங்களோடு மல்லுக்கட்டுகிறவன். சாயங்காலமானால் எழுத்தாளன். செல்போனில் கேட்கிற தொடர்கதைகளில் அவனுடைய 'டி.சி. வஜ்ரதேவ்' கதைக்கு நல்ல கூட்டம் இருந்தது. வஜ்ரதேவ் சென்னை போலீஸ் அதிகாரி. அவர் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. மழையிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றமாட்டார். எழுத்து வேலையெல்லாம் ஏட்டையாக்கள் பார்த்துக்கொள்வார்கள். அவர் ஆளின் கண்ணைப் பார்த்தே குற்றவாளியா இல்லையா என்று சொல்லிவிடுவார். நாற்பது அத்தியாயத்தில் ஒருமுறைகூடத் தப்பான ஆளைப் பிடித்ததில்லை. பனிமய மாதாவுக்கு அடுத்தபடியாக சிலுவை நம்பியது அவரைத்தான் என்று பிளாரன்ஸ் கேலி செய்வாள். கட்டிய பெண்டாட்டிக்கு அந்த உரிமைகூட இல்லையா என்ன?

அந்த நம்பிக்கைதான் அவனைக் கெடுத்தது. ஒன்பது மாதத்துக்கு முன்பு வரை சிலுவை கடலில் மூழ்கிச் சங்கு குளித்துக்கொண்டிருந்தான். பிடிக்கத் தடையுள்ள கடல் அட்டையைக் கடத்துகிறவர்களைத் தேடி ஒரு போலீஸ் தனிப்படை வந்தது. கடலுக்கு அடியில் போகிறவன் எவனாக இருந்தாலும் சரி என்று நாலு பேரை அள்ளிக்கொண்டு போனார்கள். அதில் இவனும் ஒருவன். முதல் நாள் முழுக்க உள்ளூர்ப் போலீஸ்காரர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் நடுங்கி நடுங்கிப் பதில் சொன்னான். மறுநாள் காலை சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. அவரைக் கண்டதும் சிலுவைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சென்னை ஆபீசர் வந்துவிட்டார், இனி ஒரு நிமிஷத்தில் உண்மை தெரிந்துவிடும். அந்த நிம்மதியில் அவரைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னடா சிரிப்பு?" என்று கேட்டார். இடது காதோடு சேர்த்து ஓர் அறை விழுந்தது. அவ்வளவுதான். சாயங்காலம், ஆள் மாறிவிட்டது என்று வெளியே விட்டார்கள். செவிப்பறை கிழிந்துவிட்டது, அந்தக் காது இனிக் கேட்காது, கடலில் மூழ்கவும் கூடாது என்று டாக்டர் சொன்னார். இப்போது ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கிறான்.

அடித்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். சிரித்ததை மட்டும் அவன் பிளாரன்ஸிடம்கூடச் சொல்லவில்லை. அடித்தவனைப் பார்த்துப் பல்லைக் காட்டினேன் என்று எந்த வாயால் சொல்வது? ஒரே ஓர் ஆளிடம் சொன்னான். அன்றைக்கு ஸ்டேஷன் வாசலிலிருந்து அவனை ஸ்கூட்டரில் ஏற்றி வந்தவன், காதிலிருந்து சட்டைக் காலர் வரைக்கும் வழிந்த ரத்தத்தைத் தன் கைக்குட்டையால் துடைத்தவன், பிறகு அந்த அதிகாரி மேல் புகார் மனு எழுதிக் கொடுத்து "நான்தாம்லே சாட்சி" என்று சொன்னவன். வியாழக்கிழமை அந்த மனு மேல் விசாரணை. செந்தூர்வேலை விட்டால் அந்த ரத்தத்தைப் பார்த்தேன் என்று சொல்ல வேறு நாதி இல்லை.

இயர்போனில் இசை ஓய்ந்தது. கனத்த குரல் ஒன்று கதையைத் தொடங்கியது. கடல் அட்டை கடத்தும் கும்பலில் ஒருவன் லாக்கப்பில் இருக்கிறான், சங்கு குளிக்கிறவன். வஜ்ரதேவ் உள்ளே வருகிறார். கடத்தல்காரன் அவரைப் பார்த்து இளக்காரமாகச் சிரிக்கிறான்.

சிலுவையின் கை நாற்காலியின் பிடியை இறுக்கியது.

'கடலுக்கு அடியில நீ ராஜா. கரையில நான்!' என்றது வஜ்ரதேவின் குரல். பளார் என்று ஒரு சத்தம். அதை மூன்று தரம் எதிரொலிக்க விட்டிருந்தார்கள். காதிலிருந்து ஒரு சொட்டு ரத்தம், நீலக் கட்டம் போட்ட சட்டையின் காலரில் விழுந்ததாம். கடத்தல்காரன் அழுதுகொண்டே எல்லா உண்மையையும் கக்கிவிட்டானாம். சிலுவையின் நீலக் கட்டம் போட்ட சட்டை உள்ளே கொடியில் கிடந்தது. பிளாரன்ஸ் எத்தனை தரம் துவைத்தும் காலரில் கறை போகவில்லை.

"கதை முடிஞ்சிட்டா? மூஞ்சி ஏன் இப்பிடி வெளுத்துக் கெடக்கு?" என்று கேட்டபடி பிளாரன்ஸ் வந்தாள். "ஒண்ணுமில்ல" என்றான். காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கினான்.

பதினோரு மணிக்கு செந்தூர்வேல் முந்திரி மக்ரூன் டப்பாவோடு வந்தான். இன்னொரு நாற்காலியை இழுத்து வழக்கம்போல சிலுவையின் வலது பக்கம் போட்டு உட்கார்ந்தான். சிலுவையைத் தெரிந்தவர்கள் எல்லோரும் வலது பக்கம்தான் உட்காருவார்கள். அந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தவனே இவன்தான்.

"கேட்டியா மக்கா? ஒரு மணி நேரத்துல பன்னெண்டாயிரம் பேரு கேட்டுருக்கான்."

"என் சிரிப்ப ஏம்லே எடுத்த?"

செந்தூர்வேல் டப்பாவைத் திறந்தான். மூடினான். "அது நீ இல்லலே. அவன் வில்லன்லா."

"நான் ஒன்ட்ட மட்டும்தாம்லே சொன்னேன்."

"தப்பான ஆள அடிச்சாருன்னு எழுதுனா எவன் கேப்பான்? வஜ்ரதேவ் தப்புப் பண்ணமாட்டாருன்னுதான் ஜனம் கேக்கு. நீயும் அதுக்குத்தான கேட்ட?"

அது உண்மை. அதனாலேயே சிலுவைக்குக் கூடுதலாக வலித்தது.

"அந்த ஆபீசரு நம்பரப் புடிச்சு முந்தாநாளே அனுப்பிக் கேக்க வச்சேன்" என்றான் செந்தூர்வேல், சமாதானம் சொல்கிறவன் மாதிரி. "தப்பா எடுத்துக்கிடக் கூடாதுல்லா. சந்தோசமா போன் பண்ணாரு. சென்னைக்கு வந்தா வந்து பாருங்கன்னாரு."

அடித்தவரிடம் முன்கூட்டியே கேட்டிருக்கிறான். அடிபட்டவனிடம் கேட்கத் தோன்றவில்லை. சிலுவை அவன் பக்கம் திரும்பிக் கேட்டான்.

"வியாழக்கெழம வாரியா?"

"வியாழக்கெழமையா..." செந்தூர்வேல் தெருவைப் பார்த்தான். "அன்னைக்கின்னு பாத்து ஒரு கப்பல் வருது மக்கா. லீவு கேட்டுப் பாக்கேன். மக்ரூன் எடுத்துக்கோ."

சிலுவை எழுந்தான். உள்ளே போகப்போகிறான் என்று நினைத்து செந்தூர்வேலும் பாதி எழுந்தான். சிலுவை தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவனைச் சுற்றி வந்து, அவனுக்கு அந்தப் பக்கம் போட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்தான். இப்போது செந்தூர்வேல் இடது பக்கம் இருந்தான்.

டீயோடு வந்த பிளாரன்ஸ் நாற்காலிகளைப் பார்த்து நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

செந்தூர்வேல் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். சிலுவையின் வலது காதில் மீன்காரியின் கூவலும் தெருமுக்கில் திரும்புகிற மினி பஸ்ஸின் ஹாரனும் தெளிவாகக் கேட்டன.