ரத்தினம் வாய் திறக்காத கேள்வி

எனக்கு ஆஸ்பத்திரிக்காரர்களை நம்பும் பழக்கம் கிடையாது. என் பெண்டாட்டிக்குக் கட்டி தலையில் என்று சொல்லிவிட்டு, ஊசியைத் தொடையில் குத்தப் போகிறோம் என்றால் எவன் நம்புவான்?

"ஏம்மா, ஆள் மாறிப்போச்சா? கட்டி மண்டையில இருக்குது. நீ தொடையச் செரைச்சு வெச்சிருக்க."

டாக்டர் பேர் வினோதினி, குறிஞ்சிப்பாடிப் பெண். கோபப்படவில்லை. ஒரு குழாயை என் கையில் கொடுத்தாள். சேமியாவை விட மெல்லிசு.

"இதத் தொடை ரத்தக்குழாய் வழியா ஏத்தி, கழுத்தத் தாண்டி, கட்டிக்குப் போற கெளைக்குள்ளயே கொண்டுபோயிடுவோம் தாத்தா. அங்க மருந்து உட்டா கட்டிக்கு ஜாஸ்தி போவும், மத்த ஒடம்புக்குக் கம்மி."

"பக்கத்துக் கெளைக்குப் போயிட்டா?"

"பேச்சு போயிடலாம். அதான் மயக்கம் குடுக்காம, பேச்சுக் குடுத்துக்கிட்டே செய்வோம்."

ஏமாற்றுகிறவள் இதைச் சொல்லியிருக்க மாட்டாள். கையெழுத்துப் போட்டேன். ரத்தினம்மாளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நாற்பத்தாறு வருஷமாக என்னைத் திட்டும் வாய் அது.

ஒரு மணி நேரத்தில் நர்ஸ் ஓடிவந்து என்னைக் கூப்பிட்டாள். எக்ஸ்ரே படாமலிருக்க ஈய அங்கி மாட்டிவிட்டாள். ரெண்டு நிமிஷத்தில் தோள் இறங்கிவிட்டது. இதைப் போட்டுக்கொண்டுதான் வினோதினி நின்றபடியே வேலை செய்கிறாள்.

"மருந்த நிறுத்திட்டேன் தாத்தா. இவ்ளோ நேரம் நல்லா பதில் சொன்னாங்க. இப்ப வாயே தொறக்கல."

"என்னா கேட்ட?"

"புருஷன் பேரு என்னன்னு."

என் பேர் கொளஞ்சியப்பன். அதைச் சொல்லிவிடக் கூடாது என்று, கொளஞ்சியப்பர் கோயிலிலேயே 'மணவாளநல்லூர் சாமி' என்று கும்பிடுகிறவள் அவள். அதனால்தான் பேசவில்லையா, இல்லை பேச்சே போய்விட்டதா? எனக்கும் தெரியவில்லை. அவள் காதுப் பக்கம் குனிந்தேன்.

"ரத்தினம், போன தையில எந்தச் சாமிக்கு முடி எறக்கினோம்?"

அவள் உதடு அசைந்தது.

"மணவாளநல்லூர் சாமிக்கு. இதக் கேக்கவா உன்ன உள்ள உட்டாங்க? அந்தப் பொண்ணு கால் கடுக்க நிக்குது. வெளிய போய்க் குந்துய்யா."

நர்ஸ் சிரித்துவிட்டாள். வினோதினி சிரிக்கவில்லை. குழாயைப் பிடித்திருந்த அவள் விரல் இத்தனை நேரமும் ஒரு நூல் அசையவில்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மிச்ச மருந்த உடலாமா தாத்தா?" என்றாள். என்னிடம் கேட்கிறாள்!

"உடு தாயி."

அங்கியைக் கழற்ற மறந்து வெளியே வந்து குந்தினேன்.