சன்னமாக இழைத்த பலகை

நாத்தனார் வருகிற நேரம் நெருங்க நெருங்க நான் வாசலுக்கும் பட்டறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். என் கணவரோ செய்து முடித்த கிடாரை மடியில் வைத்துத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. பாலிஷ் போட்டது நான். தூசு தங்க விடுவேனா?

கிடார் செய்வதுதான் எங்கள் பிழைப்பு. மரம், உளி, பசை எல்லாம் அவர். பாலிஷும் வருகிறவர்களிடம் பேச்சும் என் பாடு. அவர் தங்கை மேடையில் கிடார் வாசிப்பவள். போன வருடம் ஒரு கண்ணாடிக் கதவு உடைந்து அவள் இடது மணிக்கட்டைக் கிழித்துவிட்டது. தைத்த பிறகு விரல்கள் அசைந்தன, ஆனால் கம்பியை அழுத்த வலு இல்லை. அன்றிலிருந்து ரப்பர் பந்தும் கையுமாகவே திரிகிறாள். சாப்பிட உட்கார்ந்தால்கூட இடது கை மேசைக்கு அடியில் பந்தைப் பிசைந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்டவள் ஒருநாள் வந்து, மறுபடி மேடை ஏறப் போகிறேன், எனக்கு ஒரு கிடார் செய்து கொடு என்று அண்ணனிடம் கேட்டாள்.

மரம் பார்க்க இருவரும் உட்கார்ந்தார்கள். முதுகுக்கும் பக்கங்களுக்கும் ஈட்டி மரம், கழுத்துக்கு மஹோகனி. அதிலெல்லாம் பேச்சே இல்லை. சத்தம் பிறக்கிற மேல்பலகையில்தான் வம்பு. இவர் தேவதாருவை எடுத்துக் கொடுத்தார். லேசாகத் தொட்டாலே பேசுகிற மரம் அது. அவள் ஓரத்தில் பிடித்துக் காதருகே தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள், திருப்பி வைத்துவிட்டாள். ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போய், ஸ்ப்ரூஸ் மரத்தில் நல்ல விறைப்பான பலகை ஒன்றை எடுத்தாள். தட்டினால் அதன் ஓசை நெடுநேரம் நின்றது.

இது உடனே பேசாது, நிறைய வேலை வாங்கும் என்று இவர் சொன்னார். வேலை செய்கிறேன் என்றாள் அவள். இவர் அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அப்போதே சுருக்கென்றது. என் கணவர் சண்டை போட்டால் பாதி சம்மதித்துவிட்டார் என்று அர்த்தம். பேசாமல் இருந்தால், தானாக ஏதோ முடிவு எடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

மேல்பலகையை இழைக்கும்போது ஒரு கட்டம் வரும். இழைப்பார், தட்டுவார், மறுபடி இழைப்பார். மொத்தென்று கேட்டுக்கொண்டிருந்த பலகை திடீரென்று கணீரென்று திறக்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும். இத்தனை வருடமாக அடுத்த அறையில் இருந்தே நான் அதைக் கேட்டிருக்கிறேன். இந்த முறை பலகை திறந்த பிறகும் இழைப்புளி ஓடிக்கொண்டே இருந்தது. போய்ப் போதும் என்றேன். இன்னும் கொஞ்சம் என்றார். உள்ளே ஒட்டுகிற தாங்கு கட்டைகளையும் குச்சிகுச்சியாகச் செதுக்கினார். கடைசியில் கிடார் பாலிஷுக்கு என்னிடம் வந்தபோது, துணியை வைத்து அழுத்திய இடம் மெல்ல அமுங்கி எழுந்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

அன்று அவரை விடவில்லை. மென்று விழுங்கி ஒருவழியாகச் சொன்னார். கைக்குப் பயிற்சி கொடுக்கிற டாக்டர் அவரைத் தனியே கூப்பிட்டு, பழைய வலு இனி வராது என்று சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் அவளால் சன்னக் கம்பியைத்தான் அழுத்த முடியும். சன்னக் கம்பிக்குச் சத்தம் குறைவு. அதை ஈடுகட்டத்தான் பலகையை இப்படி இழைத்திருக்கிறார். அவளுக்குத் தெரிய வேண்டாம், சன்னக் கம்பி மாட்டியே கொடுத்துவிடலாம் என்றார்.

"அவ தடிக் கம்பி போட்டா? அந்த இழுப்ப இது தாங்குமா?" என்று கேட்டேன்.

"அந்தக் கையால எப்படிப் போடுவா?"

அன்பு காட்டுகிறேன் பேர்வழி என்று இந்த அண்ணன்மார் செய்கிற அநியாயம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் நானும் வாயை மூடிக்கொண்டுதான் பாலிஷைப் போட்டு முடித்தேன்.

நாத்தனார் வந்தாள். கிடாரை மடியில் சாய்த்து வாசித்தாள். மெதுவாகத்தான் மீட்டினாள், சத்தம் பட்டறை முழுக்க நிறைந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவர் முகத்தில் ஒரு சிரிப்பு தலைகாட்டியது. பிழைத்தோம் என்று நினைத்தேன்.

கம்பி ஏன் இப்படித் தொளதொளவென்று இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே அவள் பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தாள். விபத்துக்கு முன்னால் அவள் வாசித்த அதே தடிக் கம்பிகள். புதுக் கிடாருக்குக் கொஞ்ச நாள் சன்னக் கம்பிதான் நல்லது என்று இவர் இழுத்தார். இதுவரை யாருக்கும் நீ அப்படிச் சொன்னதில்லையே என்று சிரித்துவிட்டு, மாட்டியிருந்ததைக் கழற்றித் தன்னுடையதைக் கோத்தாள்.

கம்பியை முறுக்குகிற குமிழ்களை இடது கையால் திருகினாள். தையல் போட்ட அதே கை. ஒவ்வொரு சுற்றுக்கும் மணிக்கட்டில் தழும்பு இழுபட்டது, ஆனாலும் கை நிற்கவில்லை. அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதா, மேல்பலகையைப் பார்த்துப் பயப்படுவதா? கம்பிகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை மெல்லப் புடைத்தது. நான் இவரைப் பார்த்தேன். இவர் வியர்த்துப்போய் நின்றார். இன்னும் இரண்டு கம்பி பாக்கி இருந்தது. சொல்லித் தொலையுங்களேன் என்று மனதுக்குள் கத்தினேன்.

பலகைக்குள் டிக் என்றது.

"நிறுத்து" என்றார். "தாங்காது. தாங்கற மாதிரி நான் செய்யல."

அவள் குமிழிலிருந்து கையை எடுக்கவில்லை. புடைத்திருந்த இடத்தை வலது கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். கிடார்க்காரிக்கு விளக்கமா சொல்ல வேண்டும்? ஆனாலும் இவர் விளக்கினார். டாக்டர் சொன்னது, தேவதாரு, சன்னக் கம்பி எல்லாவற்றையும் தலையைக் குனிந்துகொண்டு ஒப்பித்தார்.

அவள் கடைசிவரை கேட்டாள். கத்தியிருந்தால் எனக்குத் தேவலாம் போல இருந்திருக்கும்.

"டாக்டர் எங்கிட்டயும் அதைத்தான்ணா சொன்னார். அப்பவே சொல்லிட்டார்."

இவர் நிமிர்ந்தார்.

"நான் நம்பல. நீ நம்பிட்டே."

எனக்கும் சேர்த்துத்தான் அந்த அடி விழுந்தது. அவள் முறுக்கிய கம்பிகளைத் தளர்த்தத் தொடங்கினாள். முதலாவது தளர்ந்தது. இரண்டாவதில் குமிழ் விரல்களிலிருந்து வழுக்கியது. இவர் சட்டென்று கையை நீட்டினார். அவள் கிடாரை அவர் பக்கமிருந்து திருப்பி என்னிடம் கொடுத்தாள்.

"மிச்சத்த நீங்க கழட்டுங்க அண்ணி. கை வலிக்குது."