ஐந்தடி மெத்தை

கண்ணாடிக்காரருக்கு அளவு தப்பியதாகச் சரித்திரமே இல்லை. இருபத்திரண்டு வருஷமாக ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கடை முகப்புக்கும் கண்ணாடி பொருத்துகிற மனிதர். டேப்பை இழுத்துப் பிடித்தாரென்றால் அரை மில்லிகூட அவரை ஏமாற்ற முடியாது. அப்பேர்ப்பட்டவர், ஒரு மெத்தை என்ன அளவில் வாங்குவது என்று தெரியாமல் மூன்று நாளாகத் திண்டாடினார் என்றால் யார் நம்புவார்கள்?

விஷயம் இதுதான். ஒன்பது வருஷம் கழித்து அவர் மனைவி ஒரேயடியாக வீட்டுக்கு வருகிறாள். வெளிநாட்டில் ஒரு வீட்டோடு தங்கி, படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. போன மாதம் கிழவி கண்ணை மூடிவிட்டாள். வேலையும் அதோடு முடிந்தது. இந்த ஒன்பது வருஷத்தில் அவள் வந்துபோனது மூன்றே தடவை, தடவைக்கு இருபது நாள். அதிலும் பாதி நாள் உறவுக்காரர்கள் வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டு எழுந்துபோக மாட்டார்கள். இருவரும் கூடத்தில் விரிப்பைப் போட்டுப் படுத்துக்கொள்வார்கள். அவள் விமானம் ஏறியதும் இவர் தன் இரண்டரையடி மடக்குக் கட்டிலுக்குத் திரும்பிவிடுவார். தனி ஆளுக்கு அது தாராளம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வார். தாராளமாகத்தான் இருந்தது. அதுதான் கஷ்டமே.

"புது மாப்பிள்ளை மெத்தை பாக்கக் கெளம்பியாச்சுபோல!" என்று பட்டறையில் அலுமினியம் அறுக்கிறவர் கண்ணடித்தார்.

"வயசு அம்பது ஆகுதுய்யா, வாயை மூடு" என்று இவர் அதட்டினார். ஆனால் காது மடல் சிவந்துவிட்டது.

மெத்தைக் கடைக்காரம்மா வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவள். வந்தவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"யார் யாருண்ணே படுக்கப்போறது?"

எடுத்த எடுப்பில் இப்படிக் கேட்டால் மனிதன் என்ன செய்வான்? "நானும் வீட்டுக்காரியுந்தான்" என்று மென்று விழுங்கினார்.

"ரூம் எவ்வளவு?"

இதில் அவர் புலி. "நீளம் பத்தடி, அகலம் ஒம்பதடி. அகலத்துல ஒண்ணே முக்கால் அடிக்கு ஒரு அங்குலம் கம்மியா பீரோ நிக்குது. அதோட கதவு திறக்க இன்னொரு ஒண்ணே முக்கால் அடி வேணும்."

கடைக்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இவ்வளவு கரெக்டா யாரும் சொன்னதில்லண்ணே. சரி, நீளத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க, உங்க உசரத்துக்கு மேல அரையடி இருந்தாப் போதும். அகலந்தான் விஷயம். நாலடிய ரெண்டு பேருக்குன்னு வாங்கிட்டுப் போறவங்க மூணாம் மாசம் மொனகிக்கிட்டே திரும்பி வருவாங்க. ஆளுக்கு ரெண்டடிதான் வரும். தொட்டில்ல கெடக்கற கொழந்தைக்குக்கூட அதைவிட எடம் உண்டு. அஞ்சடின்னா ஆளுக்கு ரெண்டரை, கை பட்டுக்கும். ஆறடின்னா ஆளுக்கு மூணு, யாரும் யாரையும் தொட வேண்டியதில்ல. பாதி ஜோடிங்க அதுக்குன்னே ஆறடி கேக்கறாங்க, போங்க!"

அவளே சொல்லி அவளே சிரித்தாள். சிரித்து முடித்ததும் ஒரு அட்டையை எடுத்துவைத்துக்கொண்டு பேனா மூடியைத் திறந்தாள்.

"வீட்டுக்காரம்மா என்ன எடை இருப்பாங்க?"

கண்ணாடிக்காரர் தலையைச் சொறிந்தார். மூன்று தடவையும் விமான நிலையத்தில் அவள் பெட்டியைத் தராசில் தூக்கி வைத்தது அவர்தான். பெட்டி எடை கிராம் சுத்தமாக நினைவிருந்தது.

"பொரண்டு பொரண்டு படுப்பாங்களா, வச்ச மாதிரி படுப்பாங்களா?"

"வச்ச மாதிரி."

"நிச்சயமா?"

"அப்படித்தான் நெனைக்கறேன்."

"எந்தப் பக்கம் படுப்பாங்க?"

இடதுபக்கம் என்று வாய்வரைக்கும் வந்தது. அது போன தடவையா, கல்யாணமான புதிதிலா? அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று அசடு வழிந்துவிட்டு வெளியே வந்தார். ஊரார் வீட்டு ஜன்னலெல்லாம் அத்துப்படி, கட்டியவளைப் பற்றி மூன்று கேள்விக்குப் பதில் தெரியவில்லை. தெருவில் நடக்கும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்ததை அவர் யாரிடமும் சொல்லப்போவதில்லை. நாம் சொல்லிவிடுவோம்.

அன்று சாயங்காலம் அவள் போனில் வந்தாள்.

"மெத்தை வாங்கப்போறேன். எத்தனை அடி வேணும் உனக்கு?" என்று சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டார்.

"ரெண்டு தனித்தனியா வாங்கிடுங்க. மூணடி மூணடி போதும்."

"ரெண்டு போட்டா பீரோ திறக்காதும்மா."

"அப்ப ஒண்ணை ஹால்ல போட்டுடுங்க. நான் அங்க படுத்துக்கறேன்."

"ஏன்?"

"எனக்குத் தூக்கமே ஒழுங்கா இல்லங்க. எழுந்து எழுந்து உக்காருவேன். உங்க தூக்கமும் கெட்டுப்போகும்."

ஒன்பது வருஷம் தனியாகக் கிடந்தவன் தூக்கம் கெட்டால் எந்தக் குடி முழுகிப்போகும் என்று நாக்கு நுனிவரை வந்தது. "சரி" என்று மட்டும் சொன்னார். அவள் சாமான் கட்டும் கதையைச் சொன்னாள், இவர் மழை பெய்ததைச் சொன்னார். போனை வைத்ததும் வீடு அப்படியே வாயை மூடிக்கொண்டது.

இவளுக்கு நான் வேண்டாதவனாகிவிட்டேன் என்று முடிவே கட்டிவிட்டார். ஹாலில் படுக்கிறாளாமே! அதற்கு அங்கேயே இருந்திருக்கலாமே? இப்படி உள்ளுக்குள் ஒரு பாட்டம் சண்டை போட்டு, தானே கேட்டு தானே பதில் சொல்லி, கடைசியில் களைத்துப்போய்க் காகித டேப்பை எடுத்தார். கண்ணாடி ஒட்டும்போது ஓரத்தில் ஒட்டுகிற டேப். அதை வைத்துப் படுக்கையறைத் தரையில் மெத்தையின் உருவத்தைக் கட்டம் கட்டினார். முதலில் ஆறடி. பீரோ கதவு முக்கால்வாசி திறந்ததும் கோட்டைத் தொட்டு நின்றது. பிய்த்துவிட்டு ஐந்தடி ஒட்டினார். கதவு விசாலமாகத் திறந்து ஏழு அங்குலம் மிச்சமும் இருந்தது.

கட்டத்துக்குள் சுவரோரமாகப் படுத்துப் பார்த்தார். பக்கத்தில் அவள் இருப்பதாக வைத்துக்கொண்டு கையை நீட்டினார். ஐந்தடிக்குள் இரண்டு பேர் எப்படி ஒதுங்கினாலும் எங்கேயாவது பட்டுத்தான் தீர வேண்டும். வெறும் தரை சில்லிட்டது. எழுந்திருக்க மனசு வராமல் அரை மணி நேரம் அப்படியே கிடந்தார்.

மறுநாள் ஐந்தடியில் மெத்தையும் கட்டிலும் சொல்லிவிட்டார். யார் கேட்டாலும் காரணம் பீரோ கதவு. பொய் இல்லையே!

அவள் வந்தது ஒரு காலை விமானத்தில். மெலிந்திருந்தாள், கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அறைக்குள் வந்ததும் புதுக் கட்டிலைப் பார்த்தாள், பீரோவைப் பார்த்தாள்.

"அஞ்சடியா?"

"இந்த பீரோ கதவு இருக்கே..."

"தெரியும், தெரியும்" என்று சிரித்தாள். அதைக் கேட்டதும் இவருக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

குளித்துவிட்டு நாலு வாய் சாப்பிட்டதும் அவளுக்குக் கண்ணைச் சுழற்றியது. கட்டிலின் வெளியோரத்தில், விழுந்துவிடுவாளோ என்று பயப்படும்படி விளிம்பிலேயே படுத்தாள். ஒரு கால் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. "உள்ள தள்ளிப் படேன்" என்றார். "பழக்கமாயிடுச்சுங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் தூங்கிப்போனாள். இவர் சுவரோரம் மல்லாந்து படுத்து, தற்செயலாக விழுந்ததுபோல ஒரு கையை நடுவில் போட்டுவைத்தார். கை எதிலும் படவில்லை. ஐந்தடி மெத்தையில் இவ்வளவு இடம் எங்கிருந்து வந்தது என்றுதான் அவருக்குப் புரியவில்லை.

மத்தியானம் இரண்டு மணி ஆனதும் அவள் சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். கண் சரியாகத் திறக்கவில்லை. அவள் கை வந்து இவர் தோளில் பதிந்தது. இன்னொரு கை இடுப்புக்கு அடியில் போனது. வாகாக இவரைச் சுவர்ப்பக்கமாகப் புரட்டி, முட்டியை மடக்கி வைத்து, முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்தாள். சட்டையைத் தூக்கி முதுகெலும்பு நெடுக விரலால் தடவிப் பார்த்தாள். இவருக்குத் தெரியாத அந்த நாட்டுப் பாஷையில் இரண்டு வார்த்தை மிருதுவாகச் சொன்னாள். பிறகு விளிம்புக்குப் போய்ப் படுத்தாள். அடுத்த நொடியே குறட்டை.

கண்ணாடிக்காரருக்கு விளங்கிவிட்டது. படுக்கையோடு கிடக்கிறவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிவிடாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். ராப்பகல் பார்க்காமல் ஒன்பது வருஷம் அதைச் செய்த உடம்பு, தூக்கத்திலும் செய்கிறது. இதற்குத்தான் தனி மெத்தை கேட்டிருக்கிறாள். தன்னை வேண்டாம் என்றல்ல. அவளைப் போய் என்னவெல்லாம் நினைத்தோம் என்று கூசிப்போனார்.

எழுப்பிச் சொல்லலாமா? "கிழவி போயாச்சும்மா, இது நான்" என்று சொன்னால் அவள் இன்றைக்கே ஹாலுக்குப் போய்விடுவாள். அந்தக் கை தேடி வந்தது தன்னை இல்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவர் முதுகை ஒருவர் தொட்டு மூன்று வருஷமாகிறது.

அவள் வைத்த மாதிரியே கிடந்தார். மடக்கிய முட்டி மரத்துப்போனது, நீட்டவில்லை. கைக்கடிகாரத்தை மட்டும் மெல்லக் கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்து பார்த்தார். மணி இரண்டு பத்து. நாலு மணிக்கு மறுபடி எழுவாள். சுவரைப் பார்த்தபடி, தூங்கிவிடாமல், காத்திருக்க ஆரம்பித்தார்.