பவுனுக்கு ஒரு ஜெனரேட்டர்

ஜெனரேட்டர் வாங்கப் போன அன்று என் மனைவி சாந்தாமணி ஒரு மேஜை மின்விசிறியையும் தூக்கிக்கொண்டு வந்தாள். கோபியில் பஸ் ஏறியதிலிருந்து கோவை காந்திபுரத்தில் இறங்கும் வரை அது அவள் மடியிலேயே இருந்தது. கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம், பங்குனி மாதம். எங்கள் ஜெர்சி கலப்புப் பசு பவுனு மறுபடியும் காளைக்கன்று போட்டிருந்தது. உழவுக்கு ஆகாத கலப்பினக் காளைக்கன்றுக்கு எங்கள் பக்கம் ஒரே வழிதான், அடிமாட்டு லாரி. ஆனால் கோபி கால்நடைக் கண்காட்சியின் கறவைப் போட்டியில், காலையும் மாலையும் சேர்த்துத் தாய் பதினெட்டு லிட்டர் கறந்துவிட்டால், அதன் கன்றை இனவிருத்திக்காகப் பொலிகாளைப் பண்ணைக்கு எடுத்துக்கொள்வார்கள். முந்தின வருஷமும் போயிருந்தோம். நடுப்பகலில் கரண்ட் போய், பந்தலில் விசிறி நின்று, பவுனு நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தது. முக்கால் லிட்டர் குறைந்தது. அந்தக் கன்று லாரியில் போயிற்று. சாந்தாமணி அதன் கயிற்றைத் துவைத்து ஆணியில் மாட்டினாள். இந்தக் கன்று பிறந்ததும் அதே கயிற்றை எடுத்துக் கட்டினாள்.

"இவன் லாரி ஏற மாட்டான்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

கடைக்காரர் ஞானாபரணம் என்னைப் பார்த்ததும் விவசாயி என்று கண்டுகொண்டு, பெரிய மண்ணெண்ணெய் ஜெனரேட்டரிடம் அழைத்துப் போனார். எனக்கும் அதன்மேல்தான் கண். கிணற்று மோட்டார் வாங்கினால் தேவைக்கு மேல் ஒரு குதிரைசக்தி கூட்டி வாங்குகிற ஊர் எங்களுடையது. சத்தம் எவ்வளவு கனமோ எஞ்சினும் அவ்வளவு கனம் என்பது எங்கள் கணக்கு.

"நாலு ஊட்டுக்கு லைட் எரியுமுங்க," என்றார் அவர்.

"எங்களுக்கு வேணுங்கறது மாட்டுக் கொட்டாய்க்குங்க," என்றாள் சாந்தாமணி. விசிறியைக் கீழே வைத்தாள். "இதும் ஒரு பல்பும் ஓடுனாப் போதும்."

பெரியதை ஓடவிட்டார். சாந்தாமணி இருபது அடி தள்ளிப் போய், முதுகைக் காட்டிக் கண்ணை மூடி நின்றாள்.

"என்னம்மா, பாட்டா கேக்கறீங்க?"

"நான் கேட்டு என்னங்க பண்ண? மாடு கேக்கோணுமே. இந்தச் சத்தத்துக்குக் கயித்தை அத்துட்டு ஓடிப்போகும்." பிறகு மண்ணெண்ணெய் டேங்கைத் தொட்டு விரலை மோந்தாள். "இந்தக் கையோட கறந்தா பால் பூரா சீமெண்ணெய் அடிக்கும். போட்டிக்கு வர்ற டாக்டரு வாயில வெப்பாரா?"

மூலையில், சூட்கேஸ் அளவில், கைப்பிடி வைத்த சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று இருந்தது. அவளே தூக்கிப் பார்த்தாள். அவளே கயிற்றை இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் பிடித்தது. விசிறியைச் சொருகியதும் ஒரே சீராகச் சுற்றியது.

"சாந்தா, இது பொம்மையாட்டம் இருக்குது," என்றேன்.

"நீங்க சொசைட்டி எலெக்‌ஷன்னு போயிட்டா அந்தப் பெரிசை யாருங்க இழுக்கறது? ஞானாபரணம் அய்யா வருவாருங்களா?"

"கோபிக்கெல்லாம் வர மாட்டேனுங்க," என்றார் அவர், சின்னதற்கு ரசீது எழுதிக்கொண்டே. சாந்தாமணி போய்ச் சேர்ந்து இப்போது நான்கு வருஷமாகிறது. அன்று அவள் சிரித்த சிரிப்பு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

வாங்கியதைக் கண்காட்சி அன்று புதிதாக ஓட்டினால் மாடு மிரளும் என்று நாற்பது நாள் பழக்கினோம். இது என் யோசனை. கொட்டகைக்கு வெளியே இருபது கஜம் ஒயர் இழுத்து, புகை கொட்டகைப் பக்கம் வராதபடி காற்றுப் பார்த்து வைத்து, ஒவ்வொரு கறவைக்கும் ஓட்டினேன். முதல் வாரம் பவுனு காதை விறைத்தது. அப்புறம் அந்தச் சத்தத்தில் நின்று நிதானமாக அசைபோட்டது. கன்றும் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியது.

வைகாசியில் கண்காட்சி. அந்த வருஷம் மைதானத்துக்குப் புது டிரான்ஸ்பார்மர் வைத்திருந்தார்கள். கரண்ட் ஒரு நிமிஷம்கூடப் போகவில்லை. தேவைப்படாத ஜெனரேட்டர் பந்தலுக்குப் பின்னால் சாக்குப் போர்த்திக் கிடந்தது. நானும் வெற்றிலை போட்டுக்கொண்டு தெம்பாக நின்றேன்.

காலைக் கறவை. கால்நடை டாக்டர் கோபாலசாமி அளவுப் பாத்திரத்தோடு நின்றார். சாந்தாமணி மடியைக் கழுவி, கன்றை ஊட்டவிட்டுப் பிடித்துக் கட்டி, கறக்க உட்கார்ந்தாள். மூன்று லிட்டரோடு நின்றது. பவுனு தலையைத் திருப்பித் திருப்பி எதையோ தேடியது. மடி கல்லாக இருந்தது, பால் இறங்கவில்லை.

"இவ்வளவுதானுங்களா?" என்றார் டாக்டர்.

சாந்தாமணி கையை எடுக்காமலே சொன்னாள்: "ஏனுங்க, போயி அந்த மிசினை இழுங்க."

"கரண்ட்தான் இருக்குதே அம்மணி?" என்றேன்.

"விசிறிக்கில்லீங்க. மாட்டுக்கு. நாப்பது நாள் அதைக் கேட்டுத்தானே பால் உட்டுது? இழுங்க சீக்கிரம்!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மிரளாமல் இருக்கட்டும் என்று பழக்கினேன். அது இல்லாமல் முடியாதபடி பழகியிருந்தது. ஓடிப் போய்ச் சாக்கை வீசி, கயிற்றை இழுத்தேன். பட்பட்டென்று பிடித்தது. பவுனின் காது இரண்டும் என் பக்கம் திரும்பின. பிறகு ஒரு பெருமூச்சு விட்டு அசைபோடத் தொடங்கியது. பாத்திரத்தில் பால் விழும் சத்தம் மாறிற்று.

பக்கத்துப் பந்தல் வெங்கடம்மாள் எட்டிப் பார்த்தாள். "என்ன சாந்தா, மாடு கறக்கறயா, மாவு அரைக்கறயா?"

"ரெண்டுந்தான் அக்கா!"

டாக்டர் பின்னால் வந்து ஜெனரேட்டரைச் சுற்றிப் பார்த்தார். அதில் ஒரு ஒயரும் சொருகியிருக்கவில்லை. விதிகள் அச்சடித்த தாளை எடுத்து இரண்டு பக்கமும் படித்தார். "பால் எறங்க ஊசி போடக் கூடாதுன்னுதான் இருக்குது. மோட்டார் ஓட்டக் கூடாதுன்னு எங்கேயும் இல்லீங்க," என்று மடித்துப் பையில் வைத்தார்.

மாலைக் கறவைக்கு முன்கூட்டியே இழுத்துவிட்டேன். இரண்டும் சேர்ந்து பதினெட்டே கால்.

எட்டாம் நாள் பண்ணை வேன் எங்கள் வாசலுக்கு வந்தது. டிரைவர் பின்கதவைத் திறந்து பலகை சாய்த்தார். கன்று நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நகர மறுத்தது. நானும் டிரைவரும் தள்ளிப் பார்த்தோம்.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க," என்றாள் சாந்தாமணி.

"சத்தம் கேட்டா இன்னும் மிரளுமுங்க அக்கா."

"பண்ணித்தான் பாருங்களேன்."

எஞ்சின் ஓடத் தொடங்கியது. கன்று காதைத் திருப்பிக் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவாகவே பலகையில் ஏறி, உள்ளே வைக்கோலில் படுத்துக்கொண்டது. சாந்தாமணி உள்ளே எட்டி, கழுத்துக் கயிறு இறுக்கமாக இல்லையே என்று ஒரு விரல் விட்டுப் பார்த்தாள். "கயித்த மாத்தாதீங்க," என்று டிரைவரிடம் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.