டாக்டரம்மை வண்டிச் சத்தம்

கோட்டாற்றில் நேசையனின் பட்டறையில், வேலை மேசைக்கு அடியில் ஒரு கோணிச்சாக்கு கிடந்தது. உள்ளே ஒரு மாக்னெட்டோ. எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கிற சாமான் அது. இரண்டு கைக்குள் அடங்கிவிடும். அது இல்லாவிட்டால் எப்பேர்ப்பட்ட எஞ்சினும் சும்மா இரும்புதான். பதினேழு நாளாக நேசையன் அந்தச் சாக்கைத் தொடவில்லை, அதன் பக்கம் திரும்பவும் இல்லை. ரிப்பேருக்கு வந்த சாமானைத் தொடாமல் வைத்திருக்கிற மேஸ்திரி உலகத்தில் உண்டா? உண்டு, அதில் ரிப்பேரே இல்லையென்றால்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம். நாகர்கோவிலில் ஆஸ்பத்திரி வைத்திருந்த ஒரு டாக்டரம்மை புதன்கிழமைதோறும் தன் காரில் தக்கலை தாண்டி, புதுக்கடை வழியாகக் களியக்காவிளை வரை போய்வருவார். ரோட்டோரம் யாராவது வெள்ளைத்துணியைப் பிடித்துக்கொண்டு நின்றால் வண்டி நிற்கும். வரும் நேரம் இன்னதென்று கிடையாது. ஒரு நாள் பத்து மணி, ஒரு நாள் இரண்டு மணி. அதனால் யாரும் ரோட்டில் போய்க் காத்துக்கிடக்க மாட்டார்கள். காதைத் தீட்டி வைத்துக்கொண்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். அந்தப் பழைய ஓவர்லாண்டு கார் ஒரு மைலுக்கு அப்பால் வரும்போதே தென்னந்தோப்பெல்லாம் அதிரும். கட-கட-கட, நடுவில் ஒரு விக்கல், மறுபடி கட-கட-கட. கேட்டதும் துணியை எடுத்துக்கொண்டு நிதானமாக நடந்தாலும் வண்டிக்கு முன்னே ரோட்டுக்குப் போய்விடலாம்.

பதினைந்து வருஷம் ஓடின எஞ்சினுக்கு வயசாகி, மேடு ஏறுகிற பலம் போயிற்று. வேறு எஞ்சின் வைக்க முடியுமா என்று டாக்டரம்மை கேட்டார். முடியாது என்று சொல்ல நேசையனுக்கு நாக்கு வளையுமா? எங்கோ மரத்தில் மோதி உடம்பெல்லாம் நசுங்கிக் கிடந்த ஒரு செவர்லேயிலிருந்து எஞ்சினை மட்டும் இறக்கிக்கொண்டு வந்தான்.

ஒரு கம்பெனிக்காரன் செய்த எஞ்சினை இன்னொரு கம்பெனிக்காரன் செய்த வண்டியில் வைப்பது லேசுப்பட்ட காரியமா? செவர்லேக்காரன் போட்ட துளையும் ஓவர்லாண்டுக்காரன் போட்ட துளையும் ஜென்மத்தில் சந்தித்தது கிடையாது. நடுவில் ஒரு இரும்புத் தகடு வெட்டி, புதுத் துளை போட்டு, கியர்பெட்டியோடு சேர்த்து, எஞ்சினைத் தாங்கும் கால்களை உலையில் காய்ச்சி வளைத்து, மூன்று வாரம் பாடுபட்டான். புகைக்குழாயில் ஒன்றுக்கு இரண்டாகச் சைலன்சர் மாட்டினான். ஓட்டிப் பார்த்தால் வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டர் மூடிமேல் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து, அது அலுங்காமல் நிற்பதை வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டினான். நல்ல வேலை மேஸ்திரி, நல்ல வேலை என்று கோட்டாறே சொன்னது. மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

முதல் புதன்கிழமை போய்வந்த டிரைவர் ஜான்ரோஸ் மறுநாளே பட்டறைக்கு வந்தான்.

"மேஸ்திரி, நேத்து ரெண்டே ரெண்டு துணிதான் நின்னுது. எப்பவும் இருபது நிக்கும். வண்டி வாறது ஆளுவளுக்குத் தெரியல்ல. ஒரு பெரிய மணி கெட்டித் தாரும்."

"ஹாரன் இருக்குல்லாடே, அடிக்க வேண்டியதுதானே?"

"அந்தப் பீப்பீ தோப்புக்குள்ள கேக்குமா? இல்லேன்னா ரெண்டாவது சைலன்சரையாவது கழத்தும்."

நேசையனுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "எடே, மூணு வாரம் கெடந்து சத்தத்தை அடக்கியிருக்கேன், நீ கழத்தச் சொல்லுதியா? மணி வேணும்னா அடுத்த வாரம் பாப்போம். இப்போ எனக்குப் புதுக்கடையிலே மில்லு வேலை கெடக்கு."

புதுக்கடையில் அபுதாஹிர் முதலாளி நெல் குத்துகிற மில் தொடங்குகிறார். அதற்கு எஞ்சின் கொடுத்ததும் நம்ம ஆள்தான். எந்த எஞ்சின்? டாக்டரம்மை 'நீரே வச்சுக்கிடும்' என்று விட்டுப்போன அதே பழைய எஞ்சின். மேடு ஏறப் பலமில்லையே தவிர, ஒரே இடத்தில் நின்று மில்லைச் சுற்ற அது போதும். அதை உள்ளபடி சொல்லிக் கொடுத்திருக்கலாம். நேசையன் பச்சைப் பெயிண்ட் அடித்து, மெட்ராஸிலிருந்து வந்த புதுச் சரக்கு என்று சொல்லிவிட்டான்.

அடுத்த புதன்கிழமை காலையில் மில்லை ஓட்டிப் பார்த்தார்கள். பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு மில்லின் இரைச்சலில் ஒன்றும் பிரித்துத் தெரியவில்லை. அரைமணி நேரம் ஓடியிருக்கும். ஒருவன் மூச்சிரைக்க உள்ளே ஓடிவந்தான். நெல் வியாபாரி முகம்மது மீரான். கையில் வெள்ளைத்துணி.

"டாக்டரம்மை எங்க? வண்டி எங்க நிக்குது?"

கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவன் மனைவி ஜமீலா பீவிக்கு விடியற்காலையிலிருந்து நோவு. பிள்ளை இறங்காமல் மருத்துவச்சி பயந்துபோயிருந்தாள். சத்தம் கேட்டதும் மீரான் முதலில் ரோட்டுக்குத்தான் ஓடியிருக்கிறான். நின்று கேட்டால் சத்தம் கிட்டேயும் வரவில்லை, தூரவும் போகவில்லை. வண்டி எங்கேயோ மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று நினைத்து, சத்தத்தைப் பிடித்துக்கொண்டே தோப்பு வழியாக வந்துவிட்டான்.

நேசையனுக்கு அந்த நிமிஷமே எல்லாம் விளங்கிவிட்டது. 'ரோட்டுக்கு ஓடும், வண்டி இப்போ சத்தமில்லாம வரும்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாயைத் திறந்தான். பக்கத்தில் அபுதாஹிர் பச்சை எஞ்சினைத் தடவிக்கொடுத்துக்கொண்டு நின்றார்.

"வண்டியா? இஞ்ச ஏது வண்டி?" என்றான் நேசையன்.

மீரான் மில்லுக்குப் பின்னால் போய்ப் பார்த்தான். வாய்க்கால் கரை வரை போய்ப் பார்த்தான். திரும்பவும் அவன் ரோட்டுக்கு ஓடிச் சேர்ந்தபோது புழுதியில் புதுச் சக்கரத் தடம் கிடந்தது. மத்தியானம் பிள்ளை பிறந்தது. இரத்தம் நிற்கவில்லை. சாயங்காலம் வண்டி திரும்பி வருகிற வரைக்கும் ஜமீலா தாங்கவில்லை.

ஜமீலாவின் அண்ணன் மைதீன் கனி தேங்காப்பட்டணத்துக்காரன், முன்கோபி. "பொண்டாட்டி நோவிலே கெடக்க, நெல்லு விலை பேச மில்லுக்குப் போனவன்கிட்டே எனக்க தங்கச்சி பிள்ளையை விடமாட்டேன்" என்று அந்தப் பெண்குழந்தையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மில்லிலிருந்து டாக்டரம்மை வண்டிச் சத்தம் வந்தது என்று மீரான் அழுதுகொண்டு சொன்னதை யார் நம்புவார்கள்? ஆனாலும் தங்கை வீட்டுக்கு வந்துபோகையில் அந்தச் சத்தத்தைக் கேட்டிருந்த மைதீன் கனிக்கு மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை மில்லுக்கு வந்து, அந்த எஞ்சினை ஓட்டுங்கள், கேட்டுப் பார்க்கிறேன் என்றான். நேசையன் அன்றைக்கும் அங்கே இருந்தான். எஞ்சினில் கோளாறு என்று சொல்லி, மாக்னெட்டோவைக் கழற்றிக் கோணியில் போட்டுக்கொண்டு கோட்டாற்றுக்கு வந்துவிட்டான். அந்தச் சாக்குதான் மேசைக்கு அடியில் கிடந்தது.

செவ்வாய்க்கிழமை மீரான் பட்டறைக்கு வந்தான். அவ்வளவு தூரம் வந்தவன் உட்காரக்கூட இல்லை.

"மேஸ்திரி, நாளைக்கு மச்சான் வாறார். எனக்க வீட்டு முற்றத்திலே நின்னு ஒரு தடவ சத்தம் கேட்டுட்டு, பொறவு பிள்ளைக்க காரியம் பேசலாம்னு சொல்லியிருக்கார். அந்தச் சாமான் சரியாயிட்டா?"

"பாக்கணும்."

"எனக்கே இப்போ சந்தேகம் வந்தாச்சு வேய். காதுலே கேட்டுதா, பயத்திலே கேட்ட மாதிரி தோணிச்சா? ரோட்டிலே நின்னவன் ஏன் மில்லுக்குப் போனேன்? மச்சான் சொன்னது போல நெல்லு ஆசையிலேதான் போனேனோ? நீரு எஞ்சின் அறிஞ்சவரு. ஒரே சத்தம் ரெண்டு எஞ்சினுக்கு வருமா?"

நேசையன் ஒரு ஸ்பேனரை எடுத்தான், வைத்தான். இவன் வந்து கன்னத்தில் அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பான். இப்படி நம்பி யோசனை கேட்கிறானே பாவி மனுஷன்! மணியை இன்றுவரை கட்டாமல் ஒத்திப்போட்டது அசட்டை என்று வைத்துக்கொள்ளலாம். அன்றைக்கு வாயைத் திறந்தவன் அந்த வாயால் வேறொன்றைச் சொன்னேனே, அதற்கு என்ன பெயர் வைப்பது? ஒரு டப்பா பச்சைப் பெயிண்டைக் காப்பாற்ற ஒருத்தியைச் சாகவிட்டேன், இப்போது இவன் தன்னையே சந்தேகப்படும்படியும் செய்துவிட்டேன் என்று நெஞ்சுக்குள் அடித்துக்கொண்டது.

"நாளைக்குக் கொண்டு வாறேன்" என்றான்.

மறுநாள் மில்லுக்குப் போனதும் முதல் காரியமாக அபுதாஹிரின் முன்னால் போய் நின்றான்.

"முதலாளி, இது மெட்ராஸ் எஞ்சின் இல்ல. டாக்டரம்மைக்க பழைய வண்டி எஞ்சின். பெயிண்ட் அடிச்சு உம்மை ஏமாத்திட்டேன்."

அபுதாஹிருக்கு முகம் சிவந்தது. "அட படுபாவி!" என்று எழுந்தவர், சட்டென்று நின்றார். "அன்னைக்கு மீரான் இஞ்ச வந்து நின்னானே, அப்போ உமக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

அபுதாஹிர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். "ஓட்டும்" என்றார் பிறகு.

மாக்னெட்டோவை மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினான். இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. கட-கட-கட, விக்கல், கட-கட-கட. அதை ஓடவிட்டுவிட்டு நேசையன் தோப்பு வழியே மீரானின் வீட்டுக்கு நடந்தான். முற்றத்தில் மைதீன் கனி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றான். கால் ரோட்டுப் பக்கம் ஒரு எட்டு எடுத்து வைத்திருந்தது.

"மச்சான், இது டாக்டரம்மை வண்டியில்லா?" என்றான்.

மீரான் பதில் சொல்லுமுன் தோப்புக்குள்ளிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். ஒருவர், இருவர், ஏழெட்டுப் பேர். எல்லார் கையிலும் வெள்ளைத்துணி. வண்டியை ரோட்டில் காணாமல், சத்தம் வருகிற திசையைப் பார்த்து வருகிறவர்கள். முன்னால் பூங்கனி, பக்கத்துத் தோப்புக்காரி, மூன்று வயசுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

"வந்துட்டாவ! டாக்டரம்மை இனி வரமாட்டாவன்னு நெனச்சோம், வந்துட்டாவளே! வண்டி எங்க அண்ணே, மில்லுப் பக்கமா நிக்குது?"

நேசையன் எல்லார் முன்னாலும் சொன்னான். எந்த எஞ்சின், எப்படிக் கொடுத்தேன், அன்றைக்கு மீரானிடம் என்ன சொன்னேன், எதற்காகச் சொன்னேன், மாக்னெட்டோவை ஏன் கழற்றினேன், ஒன்றையும் மறைக்கவில்லை. மைதீன் கனி அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். ஓங்கின கையை மீரான்தான் பிடித்தான்.

"அப்போ எனக்குக் காது கெடல்ல, மச்சான்" என்றான் மீரான். அதைச் சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

மைதீன் கனி சட்டையை விட்டுவிட்டு அவனைக் கட்டிக்கொண்டான். "பிள்ளையை நாளைக்குக் கொண்டு வாறேன் மச்சான். உம்மைத் தெரியாம பேசிட்டேன்."

பூங்கனி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றவள், மெதுவாகக் கேட்டாள். "அப்போ வண்டி வரல்லியா? பிள்ளைக்கு மூணு நாளா காய்ச்சல் விடல்ல. இன்னைக்குப் புதன்கிழமை இல்லியா அண்ணே?"

புதன்கிழமை. அதை அவன் நினைக்கவே இல்லையே! சத்தத்தைக் கிளப்பி இத்தனை பேரையும் ரோட்டிலிருந்து இழுத்து இங்கே நிறுத்தியிருக்கிறான், மறுபடியும். நேசையன் அவள் கையிலிருந்த துணியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். வேட்டி அவிழ அவிழ, மீரான் அன்றைக்கு ஓடின அதே ஒற்றையடிப் பாதையில் ஓடினான்.

ரோட்டுக்கு வந்து கிழக்கே பார்த்தான், மேற்கே பார்த்தான். காளைவண்டிகள் போய்க் குழம்பிக் கிடந்த புழுதியில் தடம் ஒன்றும் பிரிந்து தெரியவில்லை. காதைக் கொடுத்துக் கேட்டான். பின்னால் மில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தவிர வேறு சத்தம் இல்லை. வண்டி போய்விட்டதா, இனிமேல்தான் வருமா? அதன் சத்தத்தை அடக்கினவனுக்கே தெரியவில்லை.

மீரான் பூங்கனியின் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றான்.

"போயாச்சா?"

"தெரியல்ல."

"அன்னைக்கு நானும் இங்ஙனதான் நின்னேன்" என்றான் மீரான்.

எவ்வளவு நேரம் நின்றார்களோ. திடீரென்று வளைவில் டாக்டரம்மையின் கார் தெரிந்தது. பத்தடி தூரத்தில் வந்து ஜான்ரோஸ் பிரேக் பிடித்தபோது சக்கரம் மணலில் அரைபட்டதுதான் அவர்கள் கேட்ட முதல் சத்தம். எஞ்சினை அவன் நிறுத்தவில்லை. ரேடியேட்டர் மூடி கொஞ்சமும் நடுங்கவில்லை.

மீரான் அந்த மூடியையே பார்த்தான்.

"நல்ல வேலை மேஸ்திரி" என்றான். குரலில் கோபம் இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மையிடம் போனான்.

நேசையன் வெள்ளைத்துணியை ரோட்டோரப் புல்லில் வைத்தான். சட்டைப்பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, புழுதியில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்து, சைலன்சரை வெறும் கையால் பிடித்தான்.

"மேஸ்திரி, சூடு! கையை எடும், கொதிக்கது!" என்று ஜான்ரோஸ் கத்தினான்.

நேசையனுக்குக் கேட்டது. கையை எடுக்காமல் முதல் நட்டைக் கழற்றத் தொடங்கினான்.